இடது கைக்கு ஒரு மடக்குக் கத்தி

மாமா,

நேற்று அன்னவாசலில் ஒரு வீட்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருந்தேன். நான் பிளான் போட்ட வீடுதான். மாடிப்படி திரும்பும் இடத்தில் இடம் குறைகிறது என்று மேஸ்திரி போன் செய்திருந்தார். அளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் ஒயர் சீவுவதற்காகச் சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து விரித்தார். சத்தமே சரியில்லை. அலகு பிடிக்குள் உரசிக்கொண்டு வந்து, தளர்ந்து, எங்கோ போய் நின்றது. நான் டேப்பைப் பிடித்தபடியே, "ஆட்டம் இருக்கு. ஆணி தேஞ்சு போச்சு, வெரல வெட்டிரும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க லேத்துப் பட்டறை வச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டார்.

மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்த வார்த்தை, அதைச் சொன்ன வேகம், சொல்வதற்கு முன் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்ட விதம் எல்லாமே உங்களுடையவை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. பஸ்ஸில் திருமயம் வந்து இறங்கும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தேன். அடுத்து எந்த இடத்தில், யார் முன்னால் உங்கள் பேச்சு என் வாயில் வருமோ என்று பயமாக இருந்தது. உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதியாவது தீர்க்க முடியுமா என்று பார்க்கிறேன்.

உங்கள் மடக்குக் கத்தி நம் வீட்டுக்கு வந்தது எனக்குக் கல்யாணமான இரண்டாவது வருஷம். உங்கள் மகன் துபாயிலிருந்து முதல் லீவில் வந்திருந்தார். எல்லோருக்கும் சென்ட் பாட்டில், போர்வை, பால்பவுடர். உங்களுக்கு மட்டும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு அட்டைப் பெட்டி. அவர் கம்பெனியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு என்ஜினியர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன கத்தி அது. "நமக்கு இது எதுக்கு, அப்பாவுக்குத்தான் இதெல்லாம் புடிக்கும்" என்று நினைத்துக் கொண்டுவந்ததாகச் சொன்னார்.

பஸ் டிப்போவில் முப்பது வருஷத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். பெட்டியைத் திறந்ததும் எல்லோரையும் மறந்துவிட்டீர்கள். கத்தியைக் காதருகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரிப்பதும் மடக்குவதுமாக இருபது முறையாவது செய்திருப்பீர்கள். 'டக்' என்று பாதியில் ஒரு சத்தம். 'டக்' என்று முழுதாக ஒரு சத்தம். பிறகு வாசல்படியில் நின்ற என்னைக் கூப்பிட்டீர்கள்.

"இங்கிட்டு வா ஆத்தா. இதக் கேளு."

அதுவரை சாப்பாட்டு நேரத்தில் தவிர நீங்கள் என்னிடம் பேசியது கிடையாது. அத்தை நான் வருவதற்கு முன்பே போய்விட்டதால், நம் வீட்டில் பேச்சே குறைவு. அன்றைக்கு நீங்கள் அரை மணி நேரம் பேசினீர்கள். அலகு நடுவாக நிற்பதை, மூடிய பிறகு ஒரு முடி அளவுகூட நுனி வெளியே தெரியாததை, பித்தளையும் மரமும் சேரும் இடத்தில் நகத்தால் தடவினாலும் தட்டாததைக் காட்டினீர்கள். மடக்கும்போது பாதி வழியில் அலகு ஒரு முறை நிற்கும். அதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

"மூடயில வெரலு நடுவுல இருந்தா, இங்கன நின்னு ஒரு தடவ யோசிக்கச் சொல்லுது பாத்தியா. இத செஞ்சவன் ஒருநா கைய வெட்டிக்கிட்டவனாத்தான் இருப்பான்" என்றீர்கள்.

மறுநாளே குறை சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். அலகை இழுப்பதற்கு அதன் முதுகோரம் நகம் பதியும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. கிரீஸிலும் மண்ணெண்ணெயிலும் ஊறித் தேய்ந்த உங்கள் நகம் அதில் பிடிக்கவில்லை. நகம் வளர்த்தவனுக்காகச் செய்த கத்தி என்று அலுத்துக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்ப் பென்சிலும் தாளும் எடுத்துவந்து, கத்தியை அதன் அளவிலேயே மேலிருந்து, பக்கவாட்டில், முனையிலிருந்து என்று மூன்று விதமாக வரைந்து, பள்ளத்தை மட்டும் நீளமாக்கிக் காட்டினேன்.

தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். "ஒனக்கு இது வருமா?" என்று கேட்டீர்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் கட்டட வரைபடம் படித்தவள் நான். அது கல்யாணப் பேச்சில் ஒரு வரியாக வந்து போனதோடு சரி. கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அந்த வாரமே உங்கள் மகனிடம் பேசி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆபீஸ் வைத்திருந்த என்ஜினியரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். இன்று நான் சம்பாதிப்பதெல்லாம் அந்தக் கத்தியில் உங்களுக்கு நகம் பிடிக்காமல் போனதால் வந்தது.

அதன் பிறகு எத்தனை தாள். மாம்பழ நார் உள்ளே தங்காமல் விழுவதற்குப் பிடியின் அடியில் ஒரு திறப்பு. எண்ணெய்க் கை வழுக்காமலிருக்க மரத்தில் குறுக்குக் கோடுகள். கயிறு கோர்க்க வாலில் ஒரு துளை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் வரைவேன். நான் வரைந்ததில் நீங்கள் தப்புக் கண்டுபிடிப்பீர்கள். கத்தியில் மட்டும் நாம் எதையும் மாற்றவே இல்லை. "நல்லாருக்குன்னு சொல்லிட்டு அதோட விட்டுட்டா, செஞ்சவனுக்கு மரியாத இல்ல ஆத்தா. இன்னும் என்ன செய்யலாம்னு பாக்கணும்" என்பீர்கள். எந்தப் பொருளைப் பார்த்தாலும் நம் பேச்சு அப்படித்தான் போனது. 'நல்லாருக்கு' என்று ஒருவர் சொன்னால், மற்றவர் அடுத்ததற்காகக் காத்திருப்பார்.

காலையில் நான் மேஜைக்கு வரும்போது ஐந்து பென்சில் சீவி வைத்திருப்பீர்கள். நான்கு ஊசி முனை, ஒன்று தட்டை முனை. கம்ப்யூட்டரில் வரைவதற்கு முன் கையால் ஒரு முறை போட்டுப் பார்ப்பது என் பழக்கம் என்பதால் வீட்டில் பென்சில் தீர்ந்ததே இல்லை. அந்தக் கத்தி உங்களிடம் செய்த பெரிய வேலை அதுதான்.

போன வருஷம் ஐப்பசியில் குழாயடியில் விழுந்தீர்கள். பக்கவாதம். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் வரவில்லை, பேச்சு குழறியது. நான் ஆபீஸ் வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து, உங்கள் கட்டிலுக்கு எதிரே மேஜை போட்டுக்கொண்டேன். கத்தி உங்கள் தலையணைக்கடியில் இருந்தது. எடுத்துத் தடவிப் பார்ப்பீர்கள். ஒரு கையால் அதை விரிக்க முடியாது. பிடியை ஒரு கை பிடித்தால்தான் அலகை இன்னொரு கை இழுக்க முடியும்.

மார்கழியில் ஒருநாள், வேட்டி நனைந்து நான் மாற்றிவிட்டபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "இப்புடிக் கெடக்குறதுக்குப் போய்ச் சேந்துரலாம் ஆத்தா."

எல்லா வீட்டிலும் படுக்கையில் கிடப்பவர்கள் சொல்வதுதான். ஆனால் நீங்கள் வீண் வார்த்தை பேசுகிறவர் இல்லை. அது என் மனதில் தங்கிவிட்டது.

தையில் அந்த மதியம். என் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். உங்கள் அறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பாதி விரிந்த சத்தம். இரண்டாவது சத்தத்துக்காக என் காது தானாகவே காத்திருந்தது. வரவில்லை. ஓடிவந்து பார்த்தால் முழங்கால்களுக்கு நடுவில் கத்தி, தொடையில் வேட்டி சிவந்து பரவிக்கொண்டிருக்கிறது. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். ஏதோ சொல்ல வந்தீர்கள், நாக்கு திரும்பவில்லை.

"பேசாம இருங்க மாமா" என்று சொல்லிக் கத்தியைப் பிடுங்கினேன்.

எதற்காக விரித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை, இரண்டு தையல் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். மார்கழியில் நீங்கள் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். "அத மறைச்சு வச்சிரு. அப்பா கேட்டாக் காணோம்னு சொல்லு" என்றார். கல்யாணப் புடவைக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் கேட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் எங்கோ விழுந்துவிட்டது போல என்றேன். டிப்போவில் எந்த ஸ்பேனர் எந்த ஆணியில் தொங்கியது என்று ஓய்வு பெற்ற பிறகும் சொல்லத் தெரிந்தவர் நீங்கள். என்னையே பார்த்துவிட்டு, "தேடு" என்று மட்டும் சொன்னீர்கள். ஒரு வாரம் தினமும் கேட்டீர்கள். தினமும் தேடுகிறேன் என்றேன்.

மாசி பிறந்ததும் தாள் கேட்டீர்கள். வீணாய்ப் போன பிளான் தாள்களின் பின்பக்கத்தை அட்டையில் செருகிக் கொடுத்தேன். ஒருக்களித்துப் படுத்து இடது கையால் வரைந்தீர்கள். கோடு நடுங்கியது, அளவு நடுங்கவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் என் ஸ்கேலை வாங்கி வைத்துப் பார்த்தீர்கள். ஒரு தாளுக்கு இரண்டு நாள் ஆனது. மொத்தம் ஒன்பது தாள். எதிரே உட்கார்ந்து யாரோ ஒருவர் வீட்டுப் பிளானில் ஜன்னல் வைத்துக்கொண்டே, ஓரக்கண்ணால் நான் பார்த்தேன். அலகில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. உள்ளே அலகை இறுக்கிப் பிடித்திருக்கும் வில்பட்டையை எந்த இடத்தில், எவ்வளவு தேய்த்தால் ஒரு விரலுக்கு அடங்கும் என்று அம்புக்குறி. நுனிவிரல்கள் பிடித்துக்கொள்ளப் பிடியின் வயிற்றில் ஒரு வளைவு. கடைசித் தாளில் மட்டும் கத்தி இல்லை. நடுவில் பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டை. பக்கத்தில் ஒரு அறுகோணம், அதன் நடுவில் ஒரு புள்ளி. ஏதோ போல்ட் போட்டு முறுக்குகிற பிடிப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதையும் அடுக்கி என் பக்கம் நீட்டினீர்கள். "இத... செய்யச் சொல்லு."

ஒரு கையால் விரிக்க வழி கண்டுபிடித்துவிட்டார் என்பதைத் தவிர வேறு எதுவும் என் தலையில் ஏறவில்லை.

"நல்லாருக்கு மாமா" என்றேன்.

நீங்கள் காத்திருந்தீர்கள். நான் அடுத்து ஒன்று சொல்வேன் என்று, துளை பெரிதா சின்னதா என்று, வில்லைத் தேய்த்தால் ஆட்டம் வராதா என்று கேட்பேன் என்று காத்திருந்தீர்கள். நான் தாள்களை அலமாரியில் வைத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரம் கழித்து "சரி ஆத்தா" என்றீர்கள். அதன் பிறகு கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொலைந்துபோன கத்தியைத் திருத்துவதற்கு யாரும் படம் போடமாட்டார்கள். அது வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை.

பங்குனியில், காலைக் காபி குடித்து டம்ளரை நான் கழுவி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டாவது தடவை வந்துவிட்டது. இந்தத் தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போகவில்லை.

உங்கள் மகன் வந்து காரியமெல்லாம் முடித்தார். கிளம்புகிற நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "அன்னைக்கு நீ கத்திய எடுத்து ஒளிச்சு வச்சதுதான் நல்லதாப் போச்சு. அப்பா தானாப் போனாரு. எனக்கு அந்த ஒன்னாவது இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த ஆறுதலை வைத்துக்கொண்டுதான் அவர் விமானம் ஏறினார்.

வைகாசியில் ஆபீஸில் பழைய தாள்களைக் கேட்டார்கள் என்று அலமாரியைக் குடைந்தபோது உங்கள் ஒன்பதும் வந்தன. எப்போதும் நாம் வரைகிற மாதிரி, பொருளின் சரி அளவிலேயே வரைந்திருந்தீர்கள். சும்மா ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கடைசித் தாளின் அறுகோணம், பக்கத்துக்குப் பக்கம் ஏழு மில்லி. நாலு மில்லி போல்ட்டுக்கான நட்டு அந்த அளவுதான். ஆனால் நடுவில் இருந்த புள்ளி இரண்டு மில்லி. நட்டாக இருந்தால் அங்கே நாலு மில்லி வட்டம் இருக்க வேண்டும். முப்பது வருஷம் நட்டு கழற்றிய மனிதர் அதில் தப்புச் செய்யமாட்டார். என் கையில் இருந்த பென்சிலைத் திருப்பி, அதன் பின்முனையைப் பார்த்தேன். ஆறு பக்கம், நடுவில் கரி. தாளில் வைத்தேன். கோட்டின் மேல் கோடாக உட்கார்ந்தது.

அந்தக் கட்டை, பென்சிலை அசையாமல் பிடித்துக்கொள்வதற்கு. வலது கை செய்ய வேண்டிய வேலையை அது செய்யும். இடது கை கத்தியை விரித்துச் சீவும். நீங்கள் விழுந்த நாளிலிருந்து நான் பிளாஸ்டிக் ஷார்ப்பனரில் பென்சிலைத் திருகிக்கொண்டிருந்ததை, முனை ஒடிய ஒடியத் திட்டியதை, எதிரே படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

தையில் அந்த மதியம் கட்டிலுக்கடியில் ஒரு பென்சில் கிடந்ததா மாமா? யோசித்து யோசித்து எனக்கு இப்போது நினைவே கலங்கிவிட்டது. சில நாள் அது உருண்டு போனது தெரிகிறது, நான் காலால் தள்ளியதுகூடத் தெரிகிறது. சில நாள் அங்கே வெறும் தரைதான். மார்கழியில் நீங்கள் சொன்னதும் நிஜம், அறுகோணமும் நிஜம். தையில் எது உங்கள் மனதில் இருந்தது என்று சொல்ல ஒருவர்தான் இருந்தார், அவரை நான் பேசாமல் இருக்கச் சொன்னேன். மதியங்களில் தனியாக உட்கார்ந்து வரையும்போது 'டக்' என்று கேட்கிறது. பாதிச் சத்தம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன்.

ஆடியில் கத்தியையும் எட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். திருமயத்தில் எல்லா லேத்துக்காரருக்கும் உங்களைத் தெரியும், கேள்வி கேட்பார்கள். அறந்தாங்கிக்காரர் ஐம்பது வயது இருப்பார். கத்தியை வாங்கி, அவரும் காதருகில் வைத்துத்தான் விரித்தார். அதைப் பார்க்க முடியாமல் நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அலகு கெட்டியான இரும்பு, துளை போடும் சாதாரண பிட்டு இறங்காது, திருச்சியிலிருந்து வேறு பிட்டு வாங்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

மறுவாரம் போனபோது கத்தியை என் இடது உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரலைத் துளையில் பதித்துத் தள்ளினேன். பாதியில் நின்றது. இன்னொரு தள்ளு. முழுதாக விரிந்தது. ஆட்டம் இல்லை. நீங்கள் குறித்த இடத்தில், குறித்த அளவுக்கு மட்டுமே வில்லைத் தேய்த்ததாகச் சொன்னார். ஒரு நூல் கூடினாலும் கெட்டிருக்குமாம்.

"வரஞ்சவரு எடது கைக்காரரா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, வலது கைதான். இப்ப எடது கைதான் வேல செய்யுது. எங்க மாமாவுக்கு" என்றேன்.

"அவர ஒருநா கூட்டிட்டு வாங்க. பிடி வளைவ அவரு கைக்கு ஒத்தாப்புல இன்னும் கொஞ்சம் எறக்கலாம்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது கார்த்திகை. நேற்று நான் அன்னவாசலிலிருந்து வந்த பிறகு உங்கள் மகன் பேசினார். பொங்கலுக்கு வருகிறார். பேச்சோடு பேச்சாக, "அப்பா கத்தி பத்திரமா இருக்குல்ல? வரயில எடுத்துக் குடு, நான் வச்சுக்கிறேன்" என்றார். இருக்குங்க என்றேன்.

வந்ததும் அலகில் துளையைப் பார்ப்பார். மாமா போட்ட படம், செய்து பார்த்தேன் என்பேன். எட்டுத் தாளையும் அவர் கையில் கொடுப்பேன். அந்த நடுங்கிய கோடுகளைப் பார்த்து அவர் அழக்கூடும். பிறகு, படுத்த படுக்கையில் அப்பா எதற்கு இவ்வளவு பாடுபட்டு இதை வரைந்தார் என்று கேட்பார். தெரியலைங்க என்று சொல்லப்போகிறேன். சமையல் செய்யும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். மறைக்கச் சொன்னவர் அவர், மறைத்தவள் நான். விமானத்தில் எடுத்துக்கொண்டு போன அந்த ஆறுதலாவது அவரிடம் இருக்கட்டும்.

ஒன்பதாவது தாளை நான் வைத்துக்கொள்கிறேன் மாமா.